வெங்காய சூப்புப் பொடியும் வேலுச்சாமி வீட்டுப் பாக்கியமும்

அன்று காலை நான் மொட்டை மாடியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் எம்.ரெட்டியபட்டியில் பைக்கில் போகிறவர்களே ஹெல்மெட் போடுவது அபூர்வம். வண்டியே இல்லாத ஒரு மனிதன், அறுபது வயதைத் தாண்டியவன், முகக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தால் ஊர் பார்க்காமல் இருக்குமா? துணி காயப்போட வந்த எதிர்வீட்டுப் பேச்சியம்மாள், கையில் பிழிந்த சேலையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கம்பவுண்டரே, எங்கயும் கெளம்பிட்டீகளா?"

"இல்ல தாயி. வெங்காயம் நறுக்குறேன்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சேலையைக் காயப்போடாமலே கீழே இறங்கிப் போனாள். "சரோசாக்காவுக்கு நாக்கு போச்சு, அவுக வீட்டுக்காரருக்கு மண்ட போச்சு" என்று அவள் யாரிடமோ சொன்னது ஹெல்மெட்டுக்குள்ளும் தெளிவாகக் கேட்டது.

என் முன்னால் ஐந்து கிலோ பல்லாரி வெங்காயம். கண் எரியாமல் இருக்கட்டும் என்றுதான் மருமகன் விட்டுப்போயிருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். ஆனால் வெங்காயத்தின் காரம் தாடைக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக உள்ளே ஏறியது. ஏறியது வெளியே வரவில்லை. கண்ணீரும் மூச்சும் சேர்ந்து கண்ணாடியில் ஆவி படிந்து, கத்தி எது, விரல் எது என்றே தெரியாமல் போனது.

ஆனாலும் நறுக்கி முடித்தேன். எல்லாம் சரோஜாவுக்காக.

நாக்கு செத்துப்போன வீடு

சரோஜா என் மனைவி. இந்தத் தொடரில் இதுவரை அவளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எழுதினால் படிப்பாளே என்ற பயம்தான். இந்த வாரம் அவளே எழுதச் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "நடந்தத நடந்தபடி எழுதுங்க. என்னைய நல்லவளாக் காட்ட வேணாம்."

அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலைந்து நாளில் போய்விட்டது. போகும்போது வாசனையையும் ருசியையும் கூடவே கொண்டுபோய்விட்டது.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. ஒருநாள் காப்பியில் உப்புக் கரித்தது. முகம் சுளிக்காமல் குடித்தேன். மறுநாள் ரசம் இனித்தது. அதையும் குடித்தேன். மூன்றாம் நாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, தெருவே வந்து எட்டிப் பார்த்தபோது, அவள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன எல்லாரும் வந்து நிக்கிறீக?" என்றாள்.

அருப்புக்கோட்டையில் டாக்டரிடம் காட்டினோம். மூக்கு நரம்பு சமாசாரம், தானாக வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார். "சாப்பிட மட்டும் சொல்லுங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

சாப்பிடத்தான் அவள் மறுத்தாள். "மண்ணத் தின்னா என்ன, சோத்தத் தின்னா என்ன, எல்லாம் ஒன்னுதான்" என்று இரண்டு வாயோடு கையைக் கழுவிவிடுவாள். மூன்று மாதத்தில் ஜாக்கெட்டை மூன்று தடவை பிடித்துத் தைத்தாள். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் முப்பத்தைந்து வருடமாக எல்லாவற்றுக்கும் அவள் மூக்குதான் தீர்ப்பு. அரிசி பழையதா, எண்ணெய் கலப்படமா, நான் பஸ்ஸில் வந்தேனா, யாரோடாவது பீடி குடித்துவிட்டு வந்தேனா, எல்லாவற்றையும் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் இப்போது ஊசிப்போன சாம்பாரை என்னிடம் நீட்டி, "இது நல்லாருக்கா பாருங்க" என்று கேட்டாள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு பாக்கெட்

மதுரையில் மகள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மருமகனோடு வேலை பார்க்கும் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெங்காய சூப்புப் பொடி ஒரு பாக்கெட் அங்கே கிடந்தது. மகள் வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொடுத்தாள்.

சரோஜா ஒரு மடக்கு குடித்தாள். தம்ளரை இறக்கவில்லை. இன்னொரு மடக்கு குடித்தாள்.

"என்னமோ தெரியுதுங்க."

"என்ன தெரியுது?"

"சொல்லத் தெரியல. நாக்குல யாரோ வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

முழுத் தம்ளரையும் குடித்துவிட்டு, பாத்திரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். அவள் எதையாவது இரண்டாவது தடவை கேட்டு நான் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைச் சுரண்டி எடுத்துவந்தேன்.

அதோடு பாக்கெட் முடிந்தது. மகள் கடை கடையாக ஏறி இறங்கினாள். தக்காளி சூப் கிடைத்தது, மக்காச்சோள சூப் கிடைத்தது, காளான்கூடக் கிடைத்தது. சரோஜா எல்லாவற்றையும் ஒரு மடக்கு குடித்துப் பார்த்து, "வெந்நி" என்றாள்.

காலிப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

கம்பவுண்டர் களத்தில் இறங்கினார்

மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன் நான் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பொடி இடிப்பது, சலிப்பது, நிறுப்பது, காகிதத்தில் மடித்துப் பொட்டலம் போடுவது, இதுதான் என் தொழில். எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனால் பொடி தெரியும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வருவார். காளைக்கு வயிற்று உப்புசம் என்று மருந்து வாங்குவார். வாங்கிவிட்டு மெதுவாக, "இதுல கால்வாசி எனக்கும் போடுங்க. ஒரே வீட்டுலதான இருக்கோம்" என்பார். கொடுக்கமாட்டேன் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்டதில்லை. ஒருநாள் காளை இல்லாமல் அவர் மட்டும் வந்தார். காளையை விற்று இரண்டு மாதமாகிவிட்டதாம். உப்புசம் மட்டும் இருந்தது.

அதை விடுங்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பாக்கெட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். உலர்ந்த வெங்காயம், உப்பு, சர்க்கரை, மக்காச்சோள மாவு, பூண்டுப் பொடி, மிளகு, ஈஸ்ட், செலரி விதை. செலரி என்றால் என்னவென்று மகளுக்கு ஃபோன் போட்டேன். "ஓமம் மாதிரி ஒன்னுப்பா" என்றாள். ஓமம் போட்டுவிடலாம். ஈஸ்ட் என்றால்? அருப்புக்கோட்டை பேக்கரியில் கேட்டு வாங்கினேன்.

நறுக்கிய வெங்காயத்தை வெள்ளை வேட்டியில் பரப்பி வெயிலில் வைத்தேன். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. எதைக் கொடுத்தாலும் காயவைத்துவிடும். குறை காற்றில்தான். அது ஆடி மாதம். மறுநாள் மதியம் ஒரு காற்று வந்தது. வேட்டி அப்படியே எழுந்து, உதறிவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது. ஐந்து கிலோ வெங்காயமும் மேற்குத் தெருவுக்குப் போனது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் தலையெல்லாம் வெள்ளைச் சுருள். "கம்பவுண்டர் வீட்டுல பூத்தூவுறாக" என்று யாரோ சொன்னார்களாம்.

மறுபடி ஐந்து கிலோ. இந்தத் தடவை மேலே கொசுவலையை விரித்து நாலு முனையிலும் செங்கல் வைத்தேன்.

மூன்று நாளில் காய்ந்துவிட்டது என்று நினைத்து, இடித்து, எல்லாவற்றையும் கலந்து, ஈஸ்டையும் போட்டு, எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி மூடி வைத்தேன். வெங்காயத்தில் கொஞ்சம் ஈரம் இருந்திருக்கிறது. சர்க்கரையும் ஈஸ்டும் அந்த ஈரத்தோடு என்ன பேசிக்கொண்டனவோ, இரண்டாம் நாள் மத்தியானம் டப்பா மூடி டமாரென்று தெறித்து, ஃபேன் இறக்கையில் பட்டு, ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. சரோஜா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"என்ன அது?"

"சூப்பு."

"குடிக்கவா, பாறை ஒடைக்கவா?"

பல நாளுக்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்தாள். டப்பா மூடி போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வீரசோழன் மாஸ்டர்

வீரசோழன் ஊரில் சிக்கந்தர் என்று எனக்கொரு சேக்காளி. கல்யாண வீடுகளுக்கு பிரியாணி போடும் மாஸ்டர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடிக்கவே பத்து நிமிஷம் ஆனது அவருக்கு.

"கம்பவுண்டரே, வெயில்ல காஞ்சா மட்டும் வெங்காயத்துக்கு வாசம் வந்துருமா? சட்டியில எண்ணெ இல்லாம, சிறுதீயில, பொன்னிறமாகுற வரைக்கும் வறுக்கணும். கைய நிறுத்தக் கூடாது. அந்த ஈஸ்டத் தூக்கிக் கெணத்துல போடுங்க."

"கெணத்துல போட்டா கெணறு பொங்கிராதா?"

"எங்கூருக் கெணத்துல தண்ணி இருந்தாத்தான பொங்கும்?"

அவர் சொன்னபடியே செய்தேன். நன்றாகச் சருகாகக் காய்ந்த வெங்காயத்தை இரும்புச் சட்டியில் போட்டு ஒரு மணி நேரம் வறுத்தேன். நிறம் மாற மாற வாசம் எழுந்தது. என்ன வாசம்! பேச்சியம்மாள் கரண்டியோடு வந்தாள். தபால்காரர் கடிதமே இல்லாமல் வந்தார். பஸ்ஸில் போன ஒருவர் இறங்கி, இங்கே ஹோட்டல் எப்போது திறந்தார்கள் என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்.

யாருக்காக வறுத்தேனோ, அவள் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசமா இருக்கா?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டாள்.

"ஆளத் தூக்குதுக்கா."

"ம். இருக்கட்டும்."

பாதியை மாவாக இடித்து, பாதியை நொறுங்கலாக விட்டு, மற்ற சாமான்களைக் கலந்து, நிறத்துக்குக் கொஞ்சம் கருப்பட்டித் தூளும் போட்டேன். அன்று அவள் முக்கால் தம்ளர் குடித்தாள். "வந்து உக்காரல. எட்டிப் பாத்துட்டுப் போகுது" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. தினமும் இரண்டு வேளை கொடுத்தேன். மிளகைக் கூட்டினேன், உப்பைக் குறைத்தேன், ஓமத்தைக் கூட்டினேன். ஒரு நாளைக்கு அரைத் தம்ளர், ஒரு நாளைக்கு ஒன்று. நான் ஒருநாளும் அதை ருசி பார்க்கவில்லை. மாட்டு மருந்தை ருசி பார்த்தா மடித்தேன்? கை அளவுதான் எனக்குப் பழக்கம்.

தெருவில் காய்ச்சல் வந்து பசியெடுக்காமல் கிடந்த இரண்டு மூன்று பேருக்கும் கேட்டு வாங்கிப் போனார்கள். பழைய பழக்கத்தில் பேப்பரைக் கிழித்து, மாட்டு மருந்து மடிப்பது போலவே பொட்டலம் மடித்து ஜன்னல் திட்டில் அடுக்கிவைத்தேன். மேலே ஒன்றும் எழுதவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

பாக்கியம் ஒன்றும் தொடவில்லை

நான் மிளகு வாங்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்த ஒரு முற்பகல். பரளச்சி ஊர் வேலுச்சாமி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மானாவாரிக் காடும் ஒரு பசுவும் வைத்திருக்கும் மனிதர். ஆஸ்பத்திரி நாட்களிலிருந்து எனக்குப் பழக்கம். சரோஜா அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் வந்தது பசுவுக்காக. பசுவின் பெயர் பாக்கியம். சரோஜாவோ, சூப்புக்காக வருகிறவர்கள் வரிசையில் இவரும் ஒருவர், பாக்கியம் என்பது இவர் மனைவி என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பின்னால் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

"பாக்கியம் மூணு நாளா ஒன்னுமே தொட மாட்டேங்குது மதினி. கம்பவுண்டர் அண்ணன் இல்லையா?"

"டவுனுக்குப் போயிருக்காக. என்ன, காய்ச்சலா?"

"லேசா இருந்துச்சு. இப்ப இல்ல. ஒரே எடத்தப் பாத்துக்கிட்டு நிக்கிது. கண்ணுல தண்ணி."

சரோஜாவுக்கு மனம் இளகிவிட்டது. "எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்" என்றாள். வேலுச்சாமி கொஞ்சம் குழம்பியிருக்கிறார். அவள் ஜன்னல் திட்டிலிருந்து இரண்டு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"வெந்நில கலக்கிக் குடுங்க. ரெண்டு சொட்டு நெய் விடுங்க. ஊதி ஊதிக் குடிக்கச் சொல்லுங்க."

"ஊதியா?"

"ஆமா. அவசரப்படுத்தாதீக. பக்கத்துல உக்காந்து தலையத் தடவிக் குடுத்து, நாலு வார்த்த நல்லதாப் பேசிக்கிட்டே குடுங்க. அதுவே பாதி மருந்து."

"அது சரி மதினி. நல்லாப் பேசுனாலும் அது சூடா எதையும் தொடாது. கட்டிப்போட்டு, மூக்கப் பிடிச்சு ஊத்துனாத்தான் உள்ள எறங்கும். எங்க அப்பாரு காலத்துலருந்து அப்படித்தான்."

சொல்லிவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு, வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டார்.

நான் மிளகோடு வீடு திரும்பியபோது சரோஜா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பரளச்சியில வேலுச்சாமின்னு ஒங்க கூட்டாளியாமே. அந்தாளு பொண்டாட்டியக் கட்டிப்போட்டு மூக்கப் பிடிச்சு ஊத்துறானாம். வாங்க, போவோம்."

"வேலுச்சாமிக்கா? அவருக்குக் கல்யாணமே ஆகலையே."

செருகிய சேலையை இன்னும் இறுக்கினாள்.

"அப்ப யாரக் கட்டிப்போட்டிருக்கான்?"

நான் மிளகுப் பையை இறக்கி வைப்பதற்குள் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டாள்.

கொம்பு

பின்னால் சரோஜாவோடு நாலு பெண்கள்; கட்டிப்போட்ட கதையை ஏறியதுமே அவர்களிடம் சொல்லிவிட்டாள். எனக்கு முன்னால் டிரைவர் பக்கத்தில் கால்வாசி இடம். டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார். இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். ரோட்டோரத்தில் ஒரு பசு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சுரீரென்று உறைத்தது. பாக்கியம்! அதற்குத்தானே நான் இரண்டு வருடம் முன்பு காளைக்கன்று பிறந்தபோது பிரசவம் பார்க்க உதவியாகப் போனேன்!

அடுத்த நொடி பொட்டலத்தில் இருந்த வெங்காயம் நினைவுக்கு வந்தது. வெங்காயம் அதிகமானால் மாட்டுக்கு ஆகாது. இரத்தம் கெட்டு, மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும். படுத்தால் எழுந்திருக்காது. முப்பது வருடம் மாடுகளுக்கு மருந்து மடித்த கை, ஓய்வு பெற்றபிறகு ஒரு பசுவைக் கொன்றுவிடுமோ? வேலுச்சாமிக்கு ஃபோன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். எங்கள் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போட்டேன். பாட்டுச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"ரெண்டு பொட்டலம்தானே? பயப்படாதீங்க" என்றார் அவர். "ஆனா மூத்திரத்த ஒரு தடவ கண்ணால பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. மூணு நாளைக்குக் கவனிக்கச் சொல்லுங்க."

திரும்பி சரோஜாவிடம் சொல்லப் பார்த்தேன். கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தலையில் வைத்துக் கொம்பு காட்டினேன். பின்னால் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னக்கா, அண்ணன் பேயின்னு சொல்றாரு?"

"பேயி ஓட்டத்தான் கட்டிப்போட்டிருக்கான் போல" என்றாள் இன்னொருத்தி.

பரளச்சியில் இறங்கும்போது சரோஜாவோடு அந்த நாலு பெண்களும் இறங்கிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் வீரசோழனுக்குப் போக வேண்டியவர்கள். டிரைவரும் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் வந்தார். நான் "மாடு, மாடு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். தன்னைத் திட்டுகிறேன் என்று நினைத்து டிரைவர் முறைத்தார்.

வேலுச்சாமி வாசலில் நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா பாக்கியம்?" என்றாள் சரோஜா.

"கொல்லையில கட்டிக் கெடக்கு மதினி."

பெண்கள் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"குடுத்தியா?"

"ஒங்க யோசனப்படி ஊதச் சொல்லிப் பாத்தேன். ஊதல. நாலு வார்த்த நல்லதா பேசியும் பாத்தேன். முட்டிருச்சு. அப்புறம் மூக்கப் பிடிச்சு ஊத்திட்டேன்."

ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டாள். நான் குறுக்கே பாய்ந்து நிற்க, சரோஜா எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அங்கே செவலைப் பசு ஒன்று சோளத்தட்டையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்து ஒரு பெரிய ஏப்பம் விட்டது.

செருப்பைக் கழற்றிய பெண் அதை மறுபடி காலில் மாட்டிக்கொண்டாள்.

"இதுவா பாக்கியம்?" என்றாள் சரோஜா.

"ஆமா மதினி. மூணு நாளைக்குப் பெறகு இப்பத்தான் தட்டையில வாய் வைக்கிது. அண்ணன் கை ராசியே ராசி."

காத்திருந்தோம்

கண்ணின் கீழிமையைப் பிதுக்கிப் பார்த்தேன். நிறம் நன்றாக இருந்தது. ஆனால் டாக்டரம்மா சொன்னதைப் பார்க்காமல் போக முடியாது. ஆக, நான், சரோஜா, நாலு பெண்கள், ஆட்டோ டிரைவர், வேலுச்சாமி, செய்தி கேட்டு வந்த அக்கம்பக்கத்தார் என்று ஏறக்குறைய இருபது பேர், ஒரு பசு மூத்திரம் பெய்வதற்காகக் காத்திருந்தோம்.

பாக்கியம் அவசரப்படவில்லை. தட்டையைத் தின்றது. அசைபோட்டது. தொட்டியில் தண்ணீர் குடித்தபோது கூட்டம் எழுந்து நின்றது. ஒன்றும் நடக்காமல் உட்கார்ந்தது. வேலுச்சாமி எல்லோருக்கும் கடுங்காப்பி வாங்கிவந்தார். ஒரு பெரியவர் வாலைப் பார்த்துக்கொண்டே, "கூட்டம் கூடி நின்னா எனக்கும் வராது" என்றார். அதில் நியாயம் இருந்ததால் எல்லோரும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பி நின்றோம்.

சரோஜா ஒரு கவிழ்த்த கூடையில் பசுவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "இதுக்காவது பசி வந்துச்சே" என்று மெதுவாகச் சொன்னாள். வெங்காயம், வெயில், வறுவல், பொட்டலம், எல்லாம் அவளுக்கென்று செய்து, பசி எடுத்தது மாட்டுக்கு.

அப்போது பாக்கியம் வாலைத் தூக்கியது.

"வந்துருச்சு!" என்று டிரைவர் கத்தினார். இருபது பேரும் குனிந்தோம். தெளிவான வைக்கோல் நிறம். சிவப்பு துளியும் இல்லை. நான் டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டு, "மஞ்சள்தான் டாக்டர், மஞ்சள்தான்!" என்றேன். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்குப் பின்னாலிருந்து சரோஜாவின் குரல் கேட்டது.

"அய்யே, என்னா நாத்தம்!"

திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்து, தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவள் கை மெதுவாக இறங்கியது. மூக்கை விரித்து மறுபடி ஒரு தடவை இழுத்தாள். பிறகு பசுவை நோக்கி இரண்டடி வந்து, ஊரே பார்க்க, குனிந்து முகர்ந்தாள்.

"ஏங்க" என்றாள். "நாறுதுங்க."

எனக்குக் கண் பொங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அழுதேன். வேலுச்சாமி பதறிப்போய் என் தோளைத் தொட்டார்.

"மாட்டுக்கு ஒன்னும் ஆகலண்ணே. மஞ்சளாத்தான வந்துச்சு? அழுகாதீக."

சரோஜா அதற்குள் வைக்கோலை எடுத்து முகர்ந்தாள். காப்பித் தம்ளரை முகர்ந்தாள். வேலுச்சாமியின் துண்டைக்கூட வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியாக என் தோளில் முகத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்து, "இந்தச் சட்டைய எப்பத் தொவச்சீக?" என்றாள்.

அரைத் தம்ளர்

எல்லாம் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. பல வாரங்களுக்குக் காப்பி அவளுக்கு மண்ணெண்ணெயாக மணத்தது. மல்லிகைப்பூ வெகுநாள் வரை ஒன்றுமே சொல்லவில்லை. பொடி கொடுத்ததால் வந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். வரவேண்டிய நேரம் வந்தது. அந்த நேரத்தில் பாக்கியம் பக்கத்தில் நின்றது, அவ்வளவுதான். பசு மூன்று நாள் கழித்தும் நன்றாக இருந்தது. வேலுச்சாமி மறுபடி பொடி கேட்டு வந்தார். இது மாட்டுக்கு ஆகாது என்று கைகூப்பித் திருப்பியனுப்பினேன்.

ஆனால் நான் எழுத வந்தது அன்று சாயங்காலம் நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா, "பசிக்குதுங்க" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாதம் வேக நேரமாகும் என்று, அவளுக்குப் பிடித்த சூப்பையே வைத்தேன். பொட்டலத்தைப் பிரித்து, கொதிக்கவைத்து, நெய் விட்டு, ஆற்றி, அரைத் தம்ளர் ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

ஊதினாள். ஒரு மடக்கு குடித்தாள்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினாள். ஏதோ நினைத்துக்கொள்வது போல இருந்தது. விழுங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இதத்தானா இத்தன நாளாக் குடுத்தீக?"

"ஆமா. எப்படி இருக்கு?"

தம்ளரை மெதுவாகத் தரையில் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"பாவங்க, அந்த மாடு" என்றாள்.